களைப்புக்கு முன், களைப்புக்குப் பின்: விளையாட்டு வீரரின் இடது-வலது வேறுபாட்டை அளக்கும் முழு முறை

வார்ம்-அப் முடிந்த கையோடு ஒரு வீரரை ஒற்றைக் காலில் தாவச் சொல்லி அளந்தால், பெரும்பாலும் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போகும். பயிற்சியாளரும் நோட்டில் எழுதிக்கொண்டு, "சரி, பிரச்சினை இல்லை" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அதே வீரர் எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார், எந்தக் காலில் தள்ளாடி இறங்குகிறார் என்பதை அந்த நோட்டு சொல்லாது. களைத்த பிறகும் அளந்தால்தான் அது தெரியும்.

களைத்த காலை அளப்பதில் தவறு நுழைய வழிகள் அதிகம். புதிதாகச் செய்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல முறை பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கால்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பியிருக்கிறது.

1. களைப்பு என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்

"களைத்தால் பலவீனமான கால் இன்னும் பலவீனமாகும், வேறுபாடு கூடும்." எல்லோரும் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அப்படி நடப்பதுண்டு. ஒரே ஓட்டத்தில் இரு காலுக்கும் ஒரே வேலை என்றால், திறன் குறைந்த கால் தன் உச்சத்துக்கு அருகில் உழைக்கிறது. அதனால் முதலில் தளர்கிறது.

ஆனால் நேர்மாறாகவும் நடக்கும். நிறுத்தம், திருப்பம், தாவல் எல்லாவற்றையும் உடல் பலமான காலிடமே தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். ஆட்டம் முடிகையில் அதிகம் உழைத்துத் தளர்ந்திருப்பது பலமான கால்தான். அப்போது வேறுபாடு குறைந்ததுபோல் தெரியும்.

மூன்றாவதாக, இரண்டும் ஒரே அளவில் இறங்கலாம். களைப்பில் ஒரு பங்கு தசைக்குள்ளே நடக்கிறது. இன்னொரு பங்கு, மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைக்கு வரும் உந்துதல் குறைவதால் வருகிறது. இந்த இரண்டாவது பங்கு ஒரு காலோடு நிற்பதில்லை. ஒரு காலை மட்டும் வேலை வாங்கிக் களைக்க வைத்தாலும், சும்மா இருந்த கால் சில சமயம் கொஞ்சம் தளர்வதுண்டு.

மூன்றில் எது நடந்தது என்பதை வேறுபாட்டுச் சதவீதம் மட்டும் சொல்லவே சொல்லாது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கம் வேண்டும்: இடது காலின் எண், வலது காலின் எண் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சதவீதம் கடைசியில் வரட்டும்.

2. யாரைச் சோதிக்கக் கூடாது

இடுப்பு, முழங்கால், கணுக்காலில் இப்போது வலி உள்ளவர்களை விட்டுவிடுங்கள். அண்மையில் தசை கிழிந்தவர், கணுக்கால் சுளுக்கிலிருந்து முழுதாக மீளாதவர், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பிக்கொண்டிருப்பவர் ஆகியோரை, அவர்களைப் பார்க்கும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்று சொல்லாமல் களைக்க வைத்துத் தாவவிடாதீர்கள். காய்ச்சல் வந்து எழுந்தவருக்கும் இது பொருந்தும்.

வீரரிடம் "வலி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்; அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம். "படியில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

சோதனையை நிறுத்தும் விதியையும் இப்போதே சொல்லிவிடுங்கள்: கூர்மையான வலி, தலைச்சுற்றல், நெஞ்சில் அசௌகரியம், முழங்கால் "விட்டுப்போவது" போன்ற உணர்வு. இதில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோதனை இல்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

நீளமான அளவுநாடா, தரையில் ஒட்டும் டேப், சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச், கோன்கள், ஸ்லோமோஷன் எடுக்கும் கைபேசி, அதை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். கூடவே எழுதுவதற்கென்று இன்னொரு ஆள். இதில் அந்த ஆள்தான் மிக முக்கியம். காரணம் 8-ஆம் படியில் வரும்.

தரை வழுக்காமல் இருக்க வேண்டும். வீரர் எல்லா நாளும் ஒரே காலணி அணிய வேண்டும். நேரமும் ஒன்றாக இருக்கட்டும்: பலருக்கு மாலையில் தசை வலு காலையைவிடக் கூடுதலாக இருக்கும். முதல் அளவைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் எடுத்தால் களைப்பின் பாதிப்பு அதில் கரைந்துபோகும். சோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் கடுமையான கால் பயிற்சி வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. அந்த வலியோடு வருபவர் வரும்போதே களைத்தவர்.

4. சோதனையைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு போதும்

புதியவர்கள் ஏழெட்டுச் சோதனைகளை அடுக்கிவிடுகிறார்கள். அத்தனையும் முடிவதற்குள் களைப்பு இறங்கிவிடும். நான் பரிந்துரைப்பது இந்த இரண்டையும்தான்.

முதலாவது, ஒற்றைக்கால் தாவல். கோட்டுக்குப் பின்னால் ஒரு காலில் நின்று, முன்னோக்கித் தாவி, அதே காலில் இறங்கி, 2 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். கோட்டிலிருந்து இறங்கிய குதிகால் வரை அளக்கிறோம். கையை வீசலாமா, இடுப்பில் வைக்க வேண்டுமா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். பிறகு மாற்றக் கூடாது.

இரண்டாவது, ஒற்றைக்காலில் நின்ற இடத்திலேயே மேல்நோக்கிக் குதிப்பது. உயரத்தைக் கைபேசி வீடியோவில் காற்றில் இருந்த நேரத்தை வைத்துக் கணக்கிடலாம்: அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். 0.36 விநாடி காற்றில் இருந்தால் ஏறக்குறைய 16 செ.மீ. இந்தக் கணக்கு சரியாக வர, வீரர் கிளம்பும்போது இருந்ததுபோலவே காலை நீட்டி இறங்க வேண்டும். காற்றில் முழங்காலை மடக்கினால் நேரம் பொய்யாகக் கூடிவிடும்.

வீடியோ வேகத்தில் பலர் ஏமாறுகிறார்கள். விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு படம் தவறினாலே உயரத்தில் சுமார் 3 செ.மீ. பிழை. 16 செ.மீ. குதிப்பில் 3 செ.மீ. பிழை என்றால் அதில் எந்த வேறுபாட்டைத் தேடுவது? விநாடிக்கு 240 படம் என்றால் அதே தவறு அரை சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். கைபேசியில் அந்த வசதி இல்லையென்றால் இந்தச் சோதனையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்யுங்கள்.

இரண்டு சோதனையிலும் ஒரே கால் பலமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருவருக்கு முன்னோக்கித் தாவுவதில் வலதும், மேல்நோக்கிக் குதிப்பதில் இடதும் மிஞ்சலாம். அது இயல்புதான். "இவருக்கு இடது கால் பலவீனம்" என்று பொதுவாக எழுதாமல், "தாவலில் இடது குறைவு" என்று சோதனையின் பெயரோடு எழுதுங்கள்.

5. பழக்குவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒற்றைக்காலில் தாவி இறங்கி நிற்பது ஒரு திறமை. முதல் நாள் ஒவ்வொரு முயற்சியிலும் தூரம் கூடிக்கொண்டே போகும். வலு கூடியதால் அல்ல, பழகியதால். பழகாதவரை நேராகச் சோதித்தால், களைத்த பிறகும் அவர் முன்னைவிட நன்றாகத் தாவுவார். உங்களுக்கோ ஒன்றும் புரியாது.

சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒவ்வொரு காலிலும் ஆறேழு முறை செய்யவிடுங்கள். அடுத்தடுத்த மூன்று முயற்சிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் பழகிவிட்டார் என்று கொள்ளலாம்.

அன்றைக்கே "பந்தை எந்தக் காலால் உதைப்பாய்?", "ஓடி வந்து தாவும்போது எந்தக் காலை ஊன்றி எழும்புவாய்?" என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதைக்கும் காலும் ஊன்றும் காலும் பலருக்கு வேறுவேறு. வெறுமனே "வலது கால்காரர்" என்று எழுதினால் பின்னால் அதில் எதைப் படிப்பது என்று தெரியாது.

6. களைக்காத நிலையில் அளத்தல்

பத்து நிமிடம் வார்ம்-அப்: மெல்லோட்டம், அசைவோடு கூடிய நீட்டல்கள், இரண்டு மூன்று இலேசான தாவல்கள். அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் மூன்று முயற்சி, முயற்சிகளுக்கு இடையே 30 முதல் 60 விநாடி ஓய்வு.

கால்களை மாற்றி மாற்றிச் செய்யவிடுங்கள்: வலது, இடது, வலது, இடது. ஒரு காலை முழுதாக முடித்துவிட்டு மறு காலுக்குப் போகாதீர்கள். நான் தொடக்கத்தில் எல்லோரையும் வலது காலில் ஆரம்பித்து, வலதின் மூன்றையும் முடித்த பிறகே இடதுக்குப் போகவிட்டேன். அணியில் பாதிப் பேருக்கு ஒரே பக்க வேறுபாடு வந்தது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, இடது காலுக்கென்று கூடுதல் பயிற்சி அட்டவணைகூடப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் இடதில் ஆரம்பித்து அளந்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலானோரிடம் காணாமல் போயிருந்தது. நான் அளந்துகொண்டிருந்தது வரிசையைத்தான்.

அதனால் ஆரம்பிக்கும் காலை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். அன்றைய களைப்புக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் அதே காலில் தொடங்கட்டும். வேறுபாட்டை உறுதிசெய்ய இன்னொரு நாள் சோதனையைத் திரும்பச் செய்யும்போது மறு காலில் தொடங்குங்கள்; வாரங்கள் கழித்துப் பழைய எண்ணோடு ஒப்பிடும்போது மட்டும் பழைய காலிலேயே.

இறங்கும்போது தடுமாறினால், இன்னொரு கால் தரையைத் தொட்டால், அந்த முயற்சி செல்லாது. ஆனால் செல்லாத முயற்சியை நோட்டிலிருந்து விட்டுவிடாதீர்கள். எந்தக் காலில் எத்தனை முறை தவறியது என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும். பல வீரர்களிடம் களைப்பின் அடையாளம் தூரத்தில் தெரிவதற்கு முன்பே இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடுகிறது. தூரம் அப்படியே இருக்கும். ஆனால் முன்னே ஒரே முயற்சியில் நின்றவர் இப்போது மூன்றாவது முயற்சியில்தான் நிற்பார்.

7. அளவில் இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுங்கள்

ஒரே காலில் மூன்று முறை தாவினால் மூன்று எண் வரும். அந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சிறிய இடது-வலது வேறுபாட்டுக்கு அர்த்தம் எதுவும் இல்லை.

ஒரு காலில் 168, 172, 170 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 170. எக்செலில் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பார்த்தால் 2 வரும். 2-ஐ 170-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 1.2 சதவீதம். மறு காலில் 158, 171, 163 என்றால் சராசரி 164, ஏற்ற இறக்கம் 4 சதவீதம். இரு சராசரிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 3.5 சதவீதம். அது இரண்டாவது காலின் சொந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இவரிடம் வேறுபாடு இருக்கிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

இங்கே 10 சதவீதம், 15 சதவீதம் என்ற வேறுபாட்டு எல்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் இவை புழங்குகின்றன. முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுவைக்குப் பின், பாதித்த கால் மறு காலின் 90 சதவீதத்தை எட்டியிருக்கிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். ஆனால் பல மாதம் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் தளர்ந்திருந்தால் அந்த 90 சுலபமாக வந்துவிடும். எல்லை எண்ணைத் தாண்டினால் காயம் நிச்சயம், தாண்டாவிட்டால் பாதுகாப்பு என்று இல்லை. இடது-வலது வேறுபாட்டை மட்டும் வைத்து யாருக்குக் காயம் வரும் என்று சொல்லிவிட முடியாது. எல்லை எண்ணை, இன்னும் கவனித்துப் பார்க்க ஒரு காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. களைப்பு ஏற்றுதல், உடனே அளத்தல்

இரண்டையும் ஒரே படியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இடையில் நேரமே கிடையாது.

ஓட்ட ஆட்டங்களுக்கு எளிய முறை: 20 மீட்டர் போய், திரும்பி, 20 மீட்டர் வருவது. இப்படி 6 முறை முழு வேகத்தில், நடுவே 20 விநாடி ஓய்வு. இதை ஒரு தொகுதி என்று வைத்து, தேவைப்பட்டால் சில நிமிடம் விட்டு இன்னொரு தொகுதி. வீரரின் விளையாட்டுக்கு நெருக்கமான வேலையைக் கொடுப்பது இன்னும் நல்லது. வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர்கள், பேட்மின்டன் ஆடுபவருக்கு வலைக்கு ஓடி முன்காலை நீட்டி எடுக்கும் அசைவுகள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போய்த் திரும்பும் ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பிடித்த திரும்பும் கால் ஒன்று உண்டு. ஆறு முறையும் வலது காலை ஊன்றித் திரும்பினால், வேறுபாட்டை உண்டாக்குவது உங்கள் சோதனையே. "இந்த முறை வலது, அடுத்த முறை இடது" என்று கோனுக்கு அருகில் நின்று சொல்லுங்கள். ஓடுதளத்தில் வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைப்பதிலும் இதே சிக்கல் உண்டு: வளைவில் உள்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பாதித் தூரத்தை எதிர்த்திசையில் ஓடவிடுங்கள். விளையாட்டே ஒருபக்கமானது, அதன் விளைவைத்தான் பார்க்கிறோம் என்றால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அப்போது அதையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

களைத்துவிட்டாரா என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சான்று வேண்டும். ஒன்று, 0 முதல் 10 வரை எவ்வளவு கடினம் என்று அவரே சொல்லும் எண்; 8-க்குக் குறைந்தால் போதவில்லை. இரண்டு, ஓட்ட நேரம். ஆறு ஓட்டத்தின் மொத்தம் 45.36 விநாடி, மிக வேகமான ஒன்று 7.20 விநாடி என்றால், ஆறையும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் 43.20 ஆகியிருக்கும். 5 சதவீதம் சரிவு. முதல் ஓட்டத்திலேயே சக்தியை மிச்சம் பிடித்து ஓடுபவரிடம் இந்தச் சரிவு தெரியாது. அதனால் வார்ம்-அப்பிலேயே ஒரு முழுவேக ஓட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கடைசி ஓட்டம் முடிந்ததும் தண்ணீர், பேச்சு எதுவும் வேண்டாம். நேராகத் தாவல் கோட்டுக்கு. குறுகிய கடும் முயற்சிக்குத் தசை பயன்படுத்தும் பாஸ்போகிரியேட்டின் சேமிப்பு ஓய்வின் முதல் அரை நிமிடத்திலேயே கணிசமாகத் திரும்பத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் நீங்கள் பார்க்க வந்த களைப்பில் ஒரு பங்கு போயிருக்கும். முதல் தாவல் ஒரு நிமிடத்துக்குள், எல்லாம் மூன்று நிமிடத்துக்குள். அதற்குத்தான் எழுத இன்னொரு ஆள்: ஒருவர் குதிகாலுக்கு அருகே சாக்பீஸோடு குனிந்திருப்பார், இன்னொருவர் எண்ணையும் நேரத்தையும் எழுதுவார். ஓட்டக் கோட்டின் முடிவிலேயே தாவல் கோட்டை ஒட்டிவிட்டால் நடக்கும் நேரமும் மிச்சம்.

இப்போது கால் மாற்றி மாற்றிச் செய்வது இன்னும் முக்கியம். ஒரு காலின் மூன்று முயற்சிகளையும் முதலில் முடித்தால், மறு கால் அதற்குள் ஓய்வெடுத்துவிடும். ஒவ்வொரு தாவலுக்கும் எதிரே ஓட்டம் முடிந்து எத்தனை விநாடி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை பேரை ஒரே நேரத்தில் ஓடவிடலாம்? ஒரு தாவல் கோட்டுக்கு ஒருவர்தான். நாலு பேரை ஓடவிட்டு வரிசையில் நிற்கவைத்தால் நாலாமவர் ஆறிப்போயிருப்பார். அவருடைய எண்ணை முதலாமவரின் எண்ணோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

9. ஓடாத நாள் ஒன்றும் வேண்டும்

இன்னொரு நாள், எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள், ஓட்டம் மட்டும் இல்லாமல். முதல் அளவு எடுத்து, ஓட்டம் பிடிக்கும் அதே நேரம் மெதுவாக நடந்துகொண்டிருக்கச் சொல்லி, திரும்ப அளந்து பாருங்கள். திரும்பத் திரும்பத் தாவுவதாலேயே எண் எவ்வளவு மாறுகிறது என்பது இதில் தெரியும். ஓடிய நாளின் மாற்றம் இதைவிடப் பெரியதாக இருந்தால்தான் அதைக் களைப்பின் கணக்கில் எழுத முடியும். நேரம் இல்லை என்று எல்லோரும் விடுவது இதைத்தான். அணி முழுவதற்கும் முடியாவிட்டால் ஐந்தாறு பேருக்காவது செய்யுங்கள்.

10. கணக்குப் போடுதல்

சூத்திரம் எளிது: பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து, பெரிய எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்குவது. கணக்கிடும் முறைகள் பல உண்டு. ஒன்றை எடுத்தால் கடைசி வரை அதே. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு காலும் எவ்வளவு இழந்தது என்பதைத் தனியாகப் போடுங்கள். இரண்டு எடுத்துக்காட்டுப் பாருங்கள்.

முதல் வீரர். களைக்கும் முன் வலது 182, இடது 170, வேறுபாடு 6.6 சதவீதம். களைத்த பின் வலது 165, இடது 158, வேறுபாடு 4.2 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் "களைப்பில் சமநிலை கூடியிருக்கிறது" என்று எழுதிவிடுவார். நடந்தது என்ன? வலது 17 செ.மீ. இழந்திருக்கிறது, இடது 12 செ.மீ. இவர் பலமான காலைத்தான் அதிகம் செலவழிக்கிறார். அந்தக் கால் ஆட்டத்தின் முடிவில் காலியாகிறது.

இரண்டாம் வீரர். முன்னால் வலது 176, இடது 171, வேறுபாடு 2.8 சதவீதம், கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் அளவு. பின்னால் வலது 168, இடது 149; வேறுபாடு 11.3 சதவீதம். வலது இழந்தது 4.5 சதவீதம், இடது இழந்தது 12.9 சதவீதம். களைக்காமல் அளந்திருந்தால் இவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது.

எந்தக் கால் மிஞ்சுகிறது என்ற திசையையும் எழுதுங்கள். முன்னால் 5 சதவீதம் வலதுக்கு, பின்னால் 5 சதவீதம் இடதுக்கு என்றால் சதவீதம் மாறவில்லை, ஆனால் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. வலது மிஞ்சினால் கூட்டல் குறி, இடது மிஞ்சினால் கழித்தல் குறி என்று வைத்துக்கொண்டால் இது தப்பாது. கடைசியாக, அணியின் சராசரியை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒருவருக்குக் கூடி இன்னொருவருக்குக் குறைந்தால் சராசரி "மாற்றம் இல்லை" என்றுதான் சொல்லும்.

11. இறங்கும் காலை வீடியோவில் பாருங்கள்

தூரம் சமமாக இருந்தாலும் இறங்கும் விதம் சமமாக இருக்காது. நேர் எதிரே, முழங்கால் உயரத்தில் கைபேசியை வைத்து எடுங்கள். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சரிகிறதா, உடல் ஒரு பக்கம் சாய்கிறதா, இடுப்பின் மறுபக்கம் கீழே இறங்குகிறதா: இந்த மூன்றும் போதும்.

ஒரு வீராங்கனையின் வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். களைத்த பின்னும் இடது காலின் தூரம் ஓரிரு சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. வீடியோவை மெதுவாக ஓடவிட்டால், குதிகால் பட்டவுடன் பாதத்தின் உள்வளைவு தரையில் படிகிறது, முழங்கால் உள்ளே ஒரு முறை சட்டென்று சரிந்து திரும்புகிறது, அதைச் சரிசெய்ய வலது கை காற்றில் அகல விரிகிறது. இரண்டு விநாடி நின்றும்விட்டார், அளவும் செல்லும். வலது காலில் அந்தக் கை அசையவே இல்லை.

12. அதே நாளோடு விடாதீர்கள்

மூன்று நிமிடத்துக்குள் அளக்கும் களைப்பு ஒரு வகை. ஒரு முழு ஆட்டத்துக்குப் பின் இரண்டு மூன்று நாள் வரை தசையில் தங்கும் தளர்ச்சி இன்னொரு வகை. போட்டி முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், வலி இல்லாதவர்களுக்கு மட்டும், ஒரு காலுக்கு மூன்று தாவல் அளந்து பாருங்கள். ஒரு கால் இரண்டாம் நாளே பழைய எண்ணுக்குத் திரும்பி, இன்னொரு கால் திரும்பாமல் இருந்தால், அன்றைக்கு அவருக்குக் கடுமையான திருப்பங்களும் தாவல்களும் வேண்டாம்.

13. எண்களை வைத்து என்ன செய்வது

இரண்டு வெவ்வேறு நாளில், ஒரே திசையில், அளவின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி வந்த வேறுபாட்டுக்கு மட்டும் பயிற்சியை மாற்றுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பி அட்டவணையை மாற்ற வேண்டாம்.

களைக்காத நிலையிலேயே ஒரு கால் குறைவு என்றால் அது வலுக் குறை. ஒற்றைக்கால் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும்) வகைகள், படி ஏறுதல், ஒற்றைக்காலில் குனிந்து எழும் டெட்லிஃப்ட் ஆகியவற்றைப் பயிற்சியின் தொடக்கத்தில், களைக்கும் முன் செய்யவிடுங்கள். குறைவான காலில் ஆரம்பித்து, அது எத்தனை முறை சுத்தமாகச் செய்கிறதோ அத்தனையே மறு காலும் செய்யட்டும். அப்புறம் குறைவான காலுக்கு மட்டும் ஒரு செட் கூடுதல். பலமான காலின் பயிற்சியை நிறுத்திச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். அப்போது இரண்டும் கீழே வந்துதான் சமமாகும்.

முன்னால் சமம், களைத்த பின் ஒன்று மட்டும் விழுகிறது என்றால் அது தாக்குப்பிடிக்கும் திறனின் குறை. அதே பயிற்சிகளை எடையைக் குறைத்து 12 முதல் 15 முறை, ஓய்வையும் குறைத்துக் கொடுங்கள். ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதை இரண்டு விநாடிக்கு ஒன்று என்ற தாளத்தில் எண்ணுவது இவர்களுக்குப் பயிற்சியும் ஆகும், சோதனையும் ஆகும். சோதனையாகச் செய்யும்போது இரு காலுக்கும் இடையே நல்ல ஓய்வு விடுங்கள்.

பலமான கால்தான் அதிகம் இழக்கிறது என்றால், பிரச்சினை ஆடும் பழக்கத்தில் இருக்கலாம். ஆட்ட வீடியோவில் நிறுத்தங்களையும் திருப்பங்களையும் கால் வாரியாக எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் மறு காலை ஊன்றித் திரும்பும் வேலைகளைக் கூட்டுங்கள். முதலில் களைக்காத நிலையில், அசைவு சுத்தமான பிறகு மிதமான களைப்பில். முழுக் களைப்பில் உச்சத் தாவல்களைப் பயிற்சியாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சோதனைக்கு மூன்று போதும்.

வேறுபாட்டைப் பூஜ்யமாக்குவது இலக்கு கிடையாது. எப்போதும் பேட்மின்டன் மட்டை பிடிக்கும் பக்கக் காலை நீட்டி ஆடுபவருக்கும், ஒரே காலில் இறங்கிப் பந்து வீசுபவருக்கும் விளையாட்டே ஒரு வேறுபாட்டை உருவாக்கியிருக்கும். வேகமாக உயரம் கூடும் வயதில் இருக்கும் பிள்ளைகளிடம் எண்கள் வாரத்துக்கு வாரம் தாவும். அவர்களுக்கு ஒரு காலைத் தனியாகத் திருத்தும் வேலையில் இறங்காமல், இரு காலுக்கும் பொதுவான பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு முறை அளந்து வாருங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளக்கும்போது பழைய நோட்டைத் திறந்து வையுங்கள்: அதே காலணி, அதே நேரம், அதே தரை, அதே ஓட்டம், அன்று எந்தக் காலில் தொடங்கினாரோ அதே கால். முதலில் இடது காலின் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் இடது காலின் புதிய எண், பிறகு வலதுக்கு வலது.